காணாக்கடியும் கைக்கடிகாரமும்



உடம்பில் திடீரென்று சிவந்த தடிப்புகள் தோன்றுகின்றன. அரிப்பு தாங்க முடியவில்லை. பூச்சி ஏதும் கடித்ததாகத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வந்த சுவடே இல்லை. இதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காணாக்கடி'. கடித்தது எதுவென்று காண முடியாத கடி என்பது பொருள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார்கள், வேப்பிலையால் வருடிவிடுவார்கள். தடிப்பும் அடங்கிவிடும். பெரும்பாலும் அது தானாகவே அடங்கக் கூடியதுதான்.

பெயர் என்னவோ மிகப் பொருத்தமானது. ஆனால் கடிப்பது வெளியே இருக்கும் பூச்சி அன்று. நம் தோலுக்கு அடியிலேயே குடியிருக்கும் ஒருவகை உயிரணுதான் அந்தக் காணாத ஆசாமி. அதன் பெயர் மாஸ்ட் செல். அந்தச் செல்லின் கோளாறுகளைப் பற்றியும், அவற்றை அடையாளம் காண்பதில் நாம் செய்கிற ஒரு தவற்றைப் பற்றியும் உங்களிடம் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மே மாதப் பகலில் நான் செய்த பிழைதான் காரணம்.

பனந்தோப்பில் ஒரு பகல்

மயிலத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் அக்கா வீடு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அங்கே சென்றிருந்தேன். பனைகள் நிறைந்த பகுதி, நுங்குக் காலம். அக்காவின் மகனும் அவன் தோழர்களும் நானுமாகத் தோப்புக்குச் சென்றோம். பனை உச்சியில் இருந்த கதண்டுக் கூடு ஒன்று கலைந்துவிட்டது. கதண்டு என்பது பெருங்குளவி வகை. நான்கு பையன்களுக்குக் கொட்டு விழுந்தது. மூன்று பேர் வீங்கிய இடத்தைத் தேய்த்துக்கொண்டு கத்தினார்கள். என் மருமகனுக்கு இரண்டே கொட்டுகள்தாம். அவன் கத்தவில்லை. முகம் மட்டும் செக்கச்செவேலென்று ஆயிற்று. "மாமா, கண்ணை இருட்டுது" என்றான், அப்படியே சரிந்தான்.

அவன் உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லை. ஆகவே நாங்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: பையன் பயந்துவிட்டான்! நான் அவனைத் தூக்கி மரத்தில் சாய்த்து உட்காரவைத்து, "பயப்படாதேடா" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அவன் மேலும் வெளிறித் துவண்டான். நல்லவேளையாக அவ்வழியே வந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர், "சார், உட்கார வைக்காதீங்க! படுக்க வையுங்க, காலைத் தூக்குங்க" என்று அதட்டினார். 108 வண்டி வந்தது. மருத்துவமனையில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் நாடி திரும்பியது.

அதன்பின் மருத்துவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்குக் கொட்டியது? எத்தனை நிமிடம் கழித்து மயங்கினான்?"

மாணவர்களே, ஊசலின் அலைவு நேரத்தைப் பத்தில் ஒரு நொடி பிசகாமல் அளக்கவேண்டும் என்று இருபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் வற்புறுத்தி வருபவன் நான். என் கையில் கடிகாரமும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கொழுத்த செல்

முதலில் மாஸ்ட் செல்லைப் பற்றி அறிந்துகொள்வோம். 1878-ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய மாணவர் லைப்சிக் பல்கலைக் கழகத்துக்குத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். அப்போது அவருக்கு வயது 24. சாயங்களைத் தோய்த்துத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் அவர். சில செல்களின் உள்ளே துகள்கள் நிரம்பி வழிவதையும், நீலச் சாயம் அத்துகள்களின்மேல் பட்டதும் ஊதா நிறமாக மாறுவதையும் கண்டார். நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் இவை என்று எண்ணி, கொழுக்கவைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் 'மாஸ்ட்' செல்கள் என்று பெயரிட்டார். அந்த எண்ணம் தவறானது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எர்லிக் 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தத் துகள்கள் உணவல்ல. வேதிப்பொருள்கள் அடைத்துவைக்கப்பட்ட பைகள். அவற்றுள் முக்கியமானது ஹிஸ்டமின். இப்பொருள் மாஸ்ட் செல்லில்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை 1953-இல் ரைலி, வெஸ்ட் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் நிலைநாட்டினர்.

மாஸ்ட் செல்கள் எலும்பு மச்சையில் பிறந்து, இரத்தத்தின் வழியே சென்று, தோல், மூச்சுக்குழல், குடல் முதலிய இடங்களில் இரத்தக்குழாய்களை ஒட்டிக் குடியேறுகின்றன. வெளியுலகம் உடம்பைத் தொடும் எல்லைகள் இவை. ஆகவே மாஸ்ட் செல்களை எல்லைக் காவலர்கள் எனலாம். பாம்பு நஞ்சையும் தேனீ நஞ்சையும் சிதைப்பதில்கூட இவை உதவுகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. அபாயம் என்று உணர்ந்ததும் காவலர் பையை அவிழ்த்துவிடுகிறார். ஹிஸ்டமின் பாய்கிறது. இரத்தக்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர்கள் கசிகின்றன, நரம்பு முனைகள் அரிப்பைத் தெரிவிக்கின்றன. தோலில் இது நடந்தால் காணாக்கடி. குடலில் நடந்தால் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. மூச்சுக்குழலில் நடந்தால் இளைப்பு. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இயற்பியல் கண்கொண்டு

அந்த ஆபத்தை நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். குழாயில் பாயும் பொருளுக்கு உள்ள தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். மூச்சுக்குழலின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகிறது! சற்று முன்வரை பேசிக்கொண்டிருந்தவர் ஏன் இவ்வளவு விரைவில் மூச்சுக்குத் திணறுகிறார் என்பது இப்போது விளங்கும்.

அடுத்தது இரத்த அழுத்தம். கடுமையான தாக்குதலில் இரத்தக்குழாய்களில் உள்ள நீர்மத்தில் 35 சதவீதம் வரை பத்தே நிமிடங்களில் வெளியே கசிந்துவிடக்கூடும். குழாய்களோ விரிந்து கிடக்கின்றன. எஞ்சிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வரவேண்டும். நிற்கும் மனிதனின் பாதத்துக்கும் இதயத்துக்கும் இடையே சுமார் 1.2 மீட்டர் உயரம். அந்த நீர்மத் தம்பத்தின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 90 மில்லிமீட்டருக்கு மேல். படுக்கவைத்தால் அந்தச் சுமை நீங்குகிறது. உட்காரவைத்தால் இதயம் வெறும் பம்பாகிவிடுகிறது. இறைப்பதற்கு இரத்தம் வந்து சேர்வதில்லை. இத்தகைய தாக்குதலில் இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்த பம்ஃப்ரி என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், படுத்திருந்தவர்களை நிமிர்த்திய சில நொடிகளிலேயே உயிர் பிரிந்த நிகழ்ச்சிகள் உண்டு என்று 2003-இல் எடுத்துக்காட்டினார். நான் தோப்பில் செய்ததும் அதைத்தான். நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

காவலரைத் தூண்டுவதற்கு நஞ்சும் உணவும் மட்டும் தேவை என்பதில்லை. வெறும் இயற்பியல் விசைகளே போதும். சிலருடைய முன்கையில் அளவுகோலின் விளிம்பால் கோடு கிழித்தால் சில நிமிடங்களில் அந்தக் கோடு தடித்து எழும்பி நிற்கும். சிலருக்குக் குளிர்ச்சி ஆகாது. பனிக்கட்டி பட்ட இடம் தடிக்கும். இப்படிப்பட்டவர் கோடையில் கிணற்றில் குதித்தால், உடம்பு முழுவதும் ஒரே நொடியில் குளிர்ந்து, நீருக்குள்ளேயே மயங்கக்கூடும். அதிர்வினால் தடிப்பு வருபவர்களும் இருக்கிறார்கள். கைதட்டினாலும், துண்டால் துவட்டினாலும், குலுங்கும் பேருந்தில் சென்றாலும் அரிப்பெடுக்கும் சில லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2016-இல் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வாமை வேறு, கோளாறு வேறு

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே உருவான நிலக்கடலை வகைகள் ஊர்ப் பெயரைத் தாங்கி 'டி.எம்.வி.' என்றே வழங்குவதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவீர்கள். ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது என்று வைத்துக்கொள்வோம். கடலை தின்றால் வரும், தின்னாவிட்டால் வராது. குற்றவாளி ஒருவனே. இஃது ஒவ்வாமை. இங்கே காவலர் ஒழுங்கானவர்தாம். ஆளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டார்.

மாஸ்ட் செல் கோளாறு அப்படியன்று. இங்கே காவலர்களே கோளாறானவர்கள். இன்று வெந்நீர்க் குளியலால் வரும். நாளை தலைவலி மாத்திரையால். மறுநாள் வெயிலில் ஓடியதால். பிறகு ஒரு குளவிக் கொட்டால். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனாலேயே அகப்படாமல் தப்பிக்கிறது.

இக்கோளாறுகளுள் இரண்டை மட்டும் கூறுகிறேன். ஒன்று, மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவது. இதற்கு மாஸ்டோசைட்டோசிஸ் என்று பெயர். பெரியவர்களிடம் காணப்படும் வகையில், 'கிட்' என்னும் புரதத்தின் 816-ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் ஒன்று மாறியிருப்பதே பெரும்பாலும் காரணம். ஒரே ஓர் அமினோ அமிலம்! 'பெருகு' என்னும் கட்டளை நிறுத்தப்படாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மற்றொன்று, செல்கள் பெருகாமலேயே அடிக்கடி காரணமின்றிப் பையை அவிழ்ப்பது.

அறிகுறிகள் யாவை? தோலில்: முகமும் மார்பும் திடீரென்று சிவத்தல், அரிப்பு, தடிப்பு, உதடும் இமையும் வீங்குதல். வயிற்றில்: சுருட்டிப் பிடிக்கும் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. மூச்சில்: மூக்கடைப்பு, இளைப்பு, தொண்டை இறுகுதல். இரத்த ஓட்டத்தில்: படபடப்பு, கண்ணிருட்டல், மயக்கம். மாஸ்டோசைட்டோசிஸில் மற்றோர் அடையாளமும் உண்டு. தொடையிலும் உடம்பிலும் தேன் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ சிறு புள்ளிகள் இருக்கும். அவற்றைத் தேய்த்தால் சில நிமிடங்களில் சிவந்து தடிக்கும். டேரியர் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இந்த அடையாளத்தை அழைக்கிறார்கள். சாதாரண மச்சம் தேய்த்தால் தடிக்காது. ஆனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் தேய்க்கப் புறப்படவேண்டாம். சிலருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அதுவே தாக்குதலைத் தூண்டிவிடும். அது மருத்துவரின் வேலை.

ஐந்து துண்டுகள், ஒரு படம்

மருமகன் பிழைத்த அன்று மாலை, மருத்துவமனைத் திண்ணையில் உட்கார்ந்து அக்காவும் நானும் பழைய கதைகளைப் பேசினோம். மருத்துவர் கேட்கச் சொன்ன கேள்விகள் அவை.

வெந்நீரில் குளித்தால் அவன் முகம் சிவக்கும். "அவனுக்குச் சூட்டு உடம்பு, தம்பி" என்றார் அக்கா. தேர்வு நாள்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். பரீட்சை பயம் என்றோம். ஒருமுறை தலைவலிக்கு மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். இரண்டு ஆண்டுகளாகத் தொடையில் பழுப்புப் புள்ளிகள். மச்சம் என்றோம். கடைசியாகத் தோப்பில் மயக்கம். பயம் என்றோம்.

ஐந்து நிகழ்ச்சிகள், ஐந்து விளக்கங்கள். ஒவ்வொரு விளக்கமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருத்துவரிடம் காட்டினோம். அவரவரும் தமக்குக் காட்டப்பட்ட துண்டுக்கு மருந்து கொடுத்தார்கள். படத்தை முழுமையாக்கும் பொறுப்பு எங்களுடையது. நாங்கள் அதைச் செய்யவில்லை.

அந்த மயக்கமே ஒரு முக்கியமான தடயம். குளவிக் கொட்டுக்குப்பின் மயங்குகிறவர்களில் யாருக்கு மாஸ்ட் செல் பெருக்கம் இருக்கலாம் என்று கணிக்க, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார்கள். அதில் மயக்கத்துக்கு 3 மதிப்பெண். ஆணாக இருந்தால் 1. தடிப்பு, அரிப்பு, வீக்கம் ஏதும் இல்லாவிட்டால் 1. தடிப்பு இருந்தால் மதிப்பெண் கூடுவதில்லை, 2 கழிகிறது! தடிப்பு இல்லாததால் வெறும் பயம் என்று நாங்கள் நினைத்தோம் அன்றோ? அந்தத் தடிப்பு இல்லாமைதான் ஐயத்தை வலுப்படுத்தும் செய்தியாக இருந்தது.

நேரத்தை ஏன் கேட்டார்?

மாஸ்ட் செல் பையை அவிழ்க்கும்போது டிரிப்டேஸ் என்னும் நொதியும் வெளியேறுகிறது. இரத்தத்தில் அதை அளக்கலாம். ஆனால் அது தாக்குதல் தொடங்கியபின் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்தாக வேண்டும். பிறகு, உடல் நலமாக இருக்கும் ஒரு நாளில் மீண்டும் அளக்கவேண்டும். நலமான நாளின் அளவை 1.2-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டுங்கள். தாக்குதலின்போது எடுத்த அளவு அதை எட்டினால் மாஸ்ட் செல்கள் அவிழ்ந்தது உறுதி. சான்றாக, நலமான நாளில் 10 என்றால், தாக்குதலின்போது 14 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்பது இதன் அலகு. நலமான நாளிலேயே 20-க்கு மேல் இருந்தால் மாஸ்டோசைட்டோசிஸ் இருக்கலாம் என்று ஐயுற்று, எலும்பு மச்சையில் 15-க்குக் குறையாத மாஸ்ட் செல்கள் கொத்தாகக் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

இப்போது தெரிகிறதா, மருத்துவர் ஏன் நேரத்தைக் கேட்டார் என்று? இங்கே கடிகாரமும் ஒரு மருத்துவக் கருவி. அதைப் பார்க்கவேண்டியவர் மருத்துவர் அல்லர். அருகில் இருக்கும் நாம்.

என் மருமகனுக்குப் பின்னர்ப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளும் நடந்தன. மாஸ்டோசைட்டோசிஸ்தான். மெதுவாகச் செல்லும் வகை. தவிர்க்கவேண்டியவற்றின் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறான். பட்டப்படிப்பை முடித்துவிட்டான். பனந்தோப்புக்கு மட்டும் போவதில்லை.

நோயின் பெயர் வேண்டாம், நிகழ்ச்சியின் குறிப்பு வேண்டும்

இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் தடுத்தார். "பிள்ளைகளுக்கு நோயின் பெயரைச் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கே வகுப்பில் பாதிப் பேர் தமக்கு அந்த நோய் என்று வந்து நிற்பார்கள்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது தடிப்பு வருகிறது. மாஸ்டோசைட்டோசிஸோ, ஐரோப்பிய நாடுகளின் கணக்குப்படி, பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில்தான் காணப்படுகிறது. சிறு குழந்தைகளுக்குத் தோலில் மட்டும் வரும் வகை பெரும்பாலும் வளர்ந்து வரும்போதே மறைந்துவிடுகிறது. ஆகவே உங்களுக்குத் தடிப்பு வந்தால் அது காணாக்கடியாகவே இருக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். அச்சம் வேண்டாம்.

எனினும் நண்பரின் முடிவை நான் ஏற்கவில்லை. பெயர் தெரியாவிட்டால் நாம் சும்மா இருப்பதில்லையே! சூடு, பித்தம், பயம், நடிப்பு என்று வேறு பெயர்களை ஒட்டிவிடுகிறோம். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் மாணவியை "சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் முகம் சிவந்து நிற்கும் மாணவனை "நடிக்கிறான்" என்கிறோம். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேட்காமலே சொல்லிவிடுகிறோம் என்பதுதான் குற்றம். ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்காமல் முடிவெழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. வாழ்க்கையில் மட்டும் அது எப்படிச் சரியாகும்?

என் கருத்து இதுதான். மாணவர்களுக்கு நோய்களின் பெயர்ப் பட்டியல் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி குறித்துவைக்கும் பழக்கம் தேவை. மருத்துவ உலகமும் இதையே எதிர்பார்க்கிறது. காரணமின்றிப் பையை அவிழ்க்கும் கோளாறை உறுதிப்படுத்த 2012-இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று மூன்று நிபந்தனைகளை வகுத்தது: உடம்பின் இரண்டு மண்டலங்களிலேனும் ஒன்றாக அறிகுறிகள் விட்டுவிட்டு வரவேண்டும், அப்போது டிரிப்டேஸ் ஏறவேண்டும், மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தால் குணம் தெரியவேண்டும். இரண்டாவது நிபந்தனையை ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ளும். முதலாவதையும் மூன்றாவதையும் சொல்லவேண்டியவர் நோயாளிதான்.

அதற்கு ஒரு பழைய குறிப்பேடு போதும். ஐந்து பத்திகளைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நாளும் நேரமும்; என்ன செய்துகொண்டிருந்தேன்; அதற்கு முன் என்ன உண்டேன், என்ன மருந்து எடுத்தேன்; உடம்பில் எங்கெங்கே என்ன மாற்றம்; எத்தனை நிமிடம் நீடித்தது. காரணம் எழுத ஒரு பத்தி வேண்டாம். காரணத்தை எழுதத் தொடங்கினால் கவனிப்பது நின்றுவிடும். தடிப்பு இருக்கும்போதே ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போவதற்குள் அது மறைந்துவிடும். மூன்று, நான்கு முறை ஆனபின் பக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள். தோலுடன் வயிறும், வயிற்றுடன் தலைச்சுற்றலும் திரும்பத் திரும்ப ஒன்றாக வருகின்றனவா? வந்தால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆபத்து வேளையில்

கொட்டோ உணவோ மருந்தோ பட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறினாலும், தொண்டை இறுகினாலும், மயக்கம் வந்தாலும் தடிப்பு வருகிறதா என்று காத்திராதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சுத் திணறல் மிகுந்தால் மட்டும் கால்களை நீட்டிச் சாய்ந்தபடி இருக்கவிடலாம். எழுப்பி நடத்தாதீர்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேளையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. அது விரிந்த குழாய்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, இதயத்தை ஊக்குகிறது. மாஸ்ட் செல்கள் மேலும் அவிழாமலும் தடுக்கிறது. அரிப்புக்குப் போடும் மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும். விழுந்துகொண்டிருக்கும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து இழக்கும் நேரம் திரும்பி வராது. தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துப் போகவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரலாம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலை சுமார் 40 கிலோமீட்டர். வழியில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஆனால் வண்டி வருவதற்கு முந்திய பத்து நிமிடங்கள் யாருடையவை? பள்ளியாயின், அவை உடற்கல்வி ஆசிரியருடையவை. பக்கத்து இருக்கை மாணவனுடையவை. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு காரியங்கள் நடக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் "உனக்கு எது ஒவ்வாது? எப்போதாவது மயங்கியது உண்டா?" என்று கேட்டு எழுதிவைக்கட்டும். படுக்கவைப்பதையும் காலைத் தூக்குவதையும் எல்லாருக்கும் ஒருமுறையேனும் செய்து காட்டட்டும். இரண்டுக்கும் செலவு ஒரு காசும் இல்லை.

'கிட்' புரதத்தின் அந்த மாற்றத்தையே குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று, மெதுவாகச் செல்லும் வகைக்கும் தரலாம் என்று 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எர்லிக் நுண்ணோக்கியில் ஊதா நிறத் துகள்களைக் கண்டு 145 ஆண்டுகளுக்குப்பின் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். அந்த நீண்ட பயணம் தொடங்கியது எப்படி? மற்றவர் பொருட்படுத்தாத ஒன்றை ஒரு மாணவர் உற்றுப் பார்த்துக் குறித்துவைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த முறை உங்கள் அருகில் யாருக்கேனும் முகம் சிவந்து கண் இருட்டினால், "பயந்துவிட்டான்" என்று சொல்வதற்கு முன் அவரைப் படுக்கவையுங்கள். உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். அன்று நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.